மீட்டரக்காவின் எழுபது வாட்

லாண்டரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மேனேஜர் முதல் வண்டி ஓட்டுபவர் வரை எல்லோருக்கும் அவள் மீட்டரக்கா. ஆளில்லாத அறையில் விளக்கு எரிவதைக் கண்டால் அவளுக்குக் கை பரபரக்கும். செய்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டுப் போய் அணைத்துவிட்டு வந்தால்தான் மனசு ஆறும். அடுத்தவர் வீட்டுக்குப் போனாலும் அடங்கமாட்டாள். ஒரு தடவை, கூட வேலை பார்ப்பவளின் வீட்டில், பேசிக்கொண்டே எழுந்துபோய்க் குளியலறை விளக்கை அணைத்தாள். உள்ளே அந்த வீட்டு மாமனார் தலை நிறைய சோப்போடு நின்றுகொண்டிருந்தார். அவர் போட்ட கூச்சலை லாண்டரியில் இன்றைக்கும் நடித்துக் காட்டுகிறார்கள்.

அவளுடைய வேலை படுக்கை விரிப்புகளோடு. ஹோட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வரும். துவைத்துப் பிழிந்த விரிப்பை இரண்டு பேர் ஒரு பக்கம் நின்று சூடான உருளைக்குள் விட, மறுபக்கம் ஆவி பறக்க வெளியே வருவதைப் பிடித்து மடிப்பவள் அவள். விரல் நுனிகள் மரத்துப்போய்ச் சூடு தெரியாது. நாள் முழுக்க நின்றாலும் அலுக்காது. ஆனால் உருளை ஓடுகிற நேரத்தில் தலைக்கு மேலே இருக்கிற விளக்கு ஒரு தடவை மங்கி எரிந்தால் போதும், அவள் முகம் வெளுத்துப்போகும். 'நம்ம வீட்டிலும் கரண்ட் போயிருக்குமோ?' இந்த ஒரு கேள்வியோடு அடுத்த விரிப்பைக் கோணலாக மடிப்பாள்.

காரணம் அண்ணன். சலூனுக்கு மேலே மாடி வீட்டில் அவளும் அண்ணனும்தான். கார் பட்டறையில் பெயின்ட் அடித்தவர். வாழ்நாளெல்லாம் பெயின்ட் புகையைக் குடித்ததில் நுரையீரல் போயிற்று. பக்கத்திலேயே நின்று தகரத்தை அடித்து நிமிர்த்தியவர்களின் சுத்தியல் சத்தத்தில் காதும் பாதி போயிற்று. போகாமல் மிஞ்சியது வாய் ஒன்றுதான், அது மட்டும் புத்தம் புதுசாக இருக்கிறது என்று அவரே சொல்லிக்கொள்வார்.

கட்டிக்கொண்டு போன இடத்தில் ஒத்துவராமல் அவள் ஒரு பெட்டியோடு திரும்பி வந்த நாளில், கதவைத் திறந்தவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி. "சாப்டியா?" ஏன் வந்தாய், என்ன நடந்தது, எப்போது திரும்பப் போகிறாய் என்று இன்றுவரை அவர் கேட்டதில்லை. அவளுக்கென்று இந்த உலகத்தில் இருப்பது அவர் ஒருவர்தான். அதை அவள் அவரிடம் சொன்னதும் இல்லை. பதிலுக்குத் திட்டிக்கொண்டே இருப்பாள்.

ஆக்சிஜன் மெஷின் வீட்டுக்கு வந்த நாளில் பயமும் கூடவே குடிவந்தது. கூடத்தில், அவருடைய சாய்வு நாற்காலிக்குப் பக்கத்தில், ஒரு சின்ன அலமாரி உயரத்துக்கு அது நின்றது. காற்றை இழுத்து, ஆக்சிஜனைப் பிரித்து, ஒரு மெல்லிய குழாய் வழியாக அவர் மூக்குக்கு அனுப்பும். கரண்ட் நின்றால் பீப் பீப் என்று கத்தும். மூலையில் அவசரத்துக்கு ஒரு சிலிண்டர் உண்டு, குழாயை அதற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். "முழிச்சிருந்தா பிரச்சினை இல்ல. மூச்சு வாங்கும், அவரே மாத்திக்குவார். குழாய் நின்னுபோனது தெரியாம தூங்கிட்டார்னாதான் ஆபத்து. அப்படியே மயக்கத்துக்குப் போயிடுவார், எழுப்ப ஆள் வேணும்" என்று டாக்டரம்மா சொன்னார். அந்த வார்த்தை அவள் மண்டையில் ஆணியாக இறங்கிவிட்டது.

பகலெல்லாம் எழுப்ப ஆள் இல்லாத வீடு அது. அவள் லாண்டரிக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. என்ன செய்வது என்று தவித்துக்கொண்டிருந்தபோதுதான் ஸ்மார்ட் பிளக் என்று ஒன்று இருப்பது தெரிந்தது. சுவரில் இருக்கிற பிளக் பாயின்ட்டில் இதைச் சொருக வேண்டும், இதில் டி.வி.யோ ஃபிரிட்ஜோ மாட்ட வேண்டும். எது எத்தனை வாட் இழுக்கிறது என்பதை எங்கே இருந்தாலும் போனில் பார்க்கலாம். வேண்டாம் என்றால் அங்கிருந்தே அணைக்கவும் செய்யலாம். மீட்டரக்காவுக்குச் சொர்க்கத்தின் சாவியே கையில் கிடைத்தது. கடையில் இருந்த பெண் மட்டும், "மருத்துவ மெஷின் எதையும் இதுல மாட்டாதீங்கம்மா, அட்டையிலயே போட்டிருக்கு பாருங்க" என்றாள்.

"நான் எங்க அணைக்கப் போறேன்? ஓடுதா இல்லையான்னு சும்மா பாத்துக்கத்தான்" என்றாள் இவள்.

நாலு பிளக் வாங்கி நாலுக்கும் போனில் பெயர் வைத்தாள். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி., மெஷின். கடைசியில் இருந்த 'மெஷின்' என்ற வரியைத் தவறிக்கூடத் தொடுவதில்லை என்று அண்ணன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தாள். அது அணையவே அணையாத பிளக் என்பதால், இன்டர்நெட் பெட்டியையும் ஒரு மல்டி பிளக் போட்டு அதிலேயே சேர்த்து மாட்டினாள். அந்தப் பெட்டி உயிரோடு இருந்தால்தான் அவளுடைய போனால் வீட்டைப் பார்க்க முடியும். யோசித்துத்தான் செய்தாள், குறை சொல்ல முடியாது.

அதற்கப்புறம் உருளையில் ஒரு சுமை முடிந்து அடுத்த சுமை வருவதற்குள் ஏப்ரன் பையிலிருந்து போனை எடுத்துப் பார்ப்பது வழக்கமாயிற்று. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், டி.வி. என்று இறங்கி வந்து, கடைசியில் 'மெஷின்' வரியில் முந்நூறும் சொச்சமும் நிற்பதைப் பார்ப்பாள். அண்ணன் மூச்சு விடுகிறார். போனை வைத்துவிட்டு மடிக்க ஆரம்பிப்பாள்.

பார்ப்பதோடு நின்றிருந்தால் அவள் மீட்டரக்கா இல்லையே. டி.வி. எழுபது வாட். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓயாமல் எழுபது வாட். பழைய படங்கள் போடும் ஒரு சேனல் இருக்கிறது, அதில் அண்ணன் பார்க்காத படம் இல்லை, இருந்தாலும் பார்ப்பார். காது மந்தம் என்பதால் தெருவுக்கே கேட்கிற சத்தத்தில் பார்ப்பார். இவள் லாண்டரியில் நின்றபடியே விரலால் ஒரு தட்டு தட்டுவாள். வீட்டில் டி.வி. செத்துப்போகும். அடுத்த நிமிஷம் போன் வரும்.

"அடியே மீட்டரு, வில்லன் இப்பத்தான் மாட்டப் போறான், போடுடி!"

"போன வாரமும் மாட்டினானே. அதே ஆள்தானே?"

"இந்த வாரம் தப்பிச்சாலும் தப்பிப்பான். போடு!"

சிரித்துக்கொண்டே போடுவாள். சில நாள் வேண்டுமென்றே போடமாட்டாள். பிளக்கிலேயே ஒரு பொத்தான் உண்டு, ஆனால் அது தரையோடு தரையாக இருந்தது, குனிந்தால் அவருக்கு மூச்சு முட்டும். அதனால் தங்கச்சியிடம் கெஞ்சுவதைத் தவிர வேறு வழி இல்லை. இன்னொரு எரிச்சல் இவளுக்கு. தெருவில் கரண்ட் போய்த் திரும்பி வந்தால், இவள் அணைத்து வைத்த பிளக்குகளும் சேர்ந்து தாமாகவே விழித்துக்கொள்ளும். "நான் தூங்க வெச்சதை எல்லாம் இதுங்களா எழுந்துக்குதே" என்று ஒவ்வொரு தடவையும் மறுபடி உட்கார்ந்து அணைப்பாள்.

அன்றைக்கு மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போனை எடுத்தாள். ஃபிரிட்ஜ் சரி. வாஷிங் மெஷின் சைபர். டி.வி. முந்நூற்றுக்கு மேலே காட்டியது.

"என்னத்தைச் சொருகித் தொலைச்சாரோ!" என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். குளிருகிறது என்று அண்ணன் கால்மாட்டில் வைத்துக்கொள்கிற சின்ன ஹீட்டர் ஒன்று உண்டு. போன வாரம்தான் அதை அலமாரிக்குள் வைத்திருந்தாள். எடுத்துவிட்டார் போலிருக்கிறது. நல்ல கோபம். 'டி.வி.' என்ற வரியில் விரலை வைத்து அணைத்தாள். இப்போது போன் வரும், வாங்கிக் கட்டிக்கொள்ளட்டும் என்று காத்திருந்தாள்.

போன் வரவில்லை. ஒரு வாய் சாப்பிட்டாள். அப்புறம் வழக்கம்போலக் கடைசி வரியைப் பார்த்து நிம்மதி அடையலாம் என்று திரையைப் பார்த்தாள். நாலு வரிகளும் சாம்பல் நிறமாகக் கிடந்தன. எதற்கும் தொடர்பு இல்லை என்றது போன்.

டி.வி.யை அணைத்தால் இன்டர்நெட் ஏன் போக வேண்டும்? அந்தப் பெட்டி மெஷினோடு அல்லவா இருக்கிறது? 'மெஷின்' வரியில் கடைசியாக வந்த கணக்கு இன்னும் மங்கலாகத் தெரிந்தது. எழுபது.

எழுபது வாட் இழுப்பது டி.வி. அவளைவிட அது யாருக்கு நன்றாகத் தெரியும்? மெஷின் பிளக்கில் டி.வி. இருக்கிறது. அப்படியானால் டி.வி. பிளக்கில், முந்நூறு வாட் இழுத்துக்கொண்டு, மல்டி பிளக்கோடும் இன்டர்நெட் பெட்டியோடும் இருந்தது... அண்ணன் மாற்றிச் சொருகியிருக்கிறார். இவள் எந்த பிளக்கைத் தொடமாட்டேன் என்று சத்தியம் செய்தாளோ அதில் போய் டி.வி.யை ஒளித்து வைத்திருக்கிறார், நிம்மதியாகப் படம் பார்க்க.

அவருடைய மூச்சை அவளே அணைத்துவிட்டாள். அணைத்த கையோடு, திரும்பப் போடுவதற்கு இருந்த ஒரே வழியையும் சேர்த்து அணைத்துவிட்டாள்.

டப்பா உருண்டது. ஏப்ரனோடு வெளியே ஓடினாள். மேனேஜர் என்னவோ கேட்டார், காதில் விழவில்லை. அண்ணனுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி போட்டாள். 'எடுங்கண்ணா, எடுங்கண்ணா' என்று வாய்விட்டே சொன்னாள். டி.வி. சத்தத்தில் மெஷினின் பீப்பே கேட்காத மனிதருக்குப் போனா கேட்கப்போகிறது? மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியிலேயே கண்ணயர்கிற பழக்கம் வேறு அவருக்கு.

கையைக் காட்டியதும் ஒரு டாக்சி நின்றது. ஏறி, தெருவைச் சொல்லி, கீழ்வீட்டு சலூன்காரரைக் கூப்பிட்டாள்.

"தம்பி, மேல் வீட்டு அக்கா பேசறேன். உடனே மாடிக்குப் போங்க. அண்ணனோட மெஷின் நின்னுடுச்சு."

"அக்கா, ஒருத்தருக்குப் பாதி ஷேவிங்ல..."

"அவரு பாதியோட உக்காந்திருக்கட்டும் தம்பி! எங்கண்ணன் செத்துடுவாரு, ஓடுங்க!"

படியில் அவர் ஓடும் சத்தம் போனில் கேட்டது. தடதடவென்று கதவைத் தட்டினார். அந்தச் சத்தத்துக்குப் பின்னாலிருந்து ஒரு படத்தின் சண்டைக் காட்சி முழங்கியது.

"உள்ளுக்குள்ள தாழ் போட்டிருக்குக்கா. டிவி பயங்கரமா கத்துது. நடுநடுவுல பீப் பீப்னு ஒரு சத்தம்."

"கதவை ஒடைங்க!"

இடித்தார். இரண்டு தடவை இடித்தார். "அசையவே மாட்டேங்குதுக்கா, உள்ள இரும்புத் தாழ் போலருக்கு." ஆமாம், இரும்புத் தாழ்தான். திருட்டுப் பயத்தில் அவளேதான் நின்று போடவைத்தாள். நான் எதைத் தொட்டாலும் அவருக்கு எமனாக வந்து நிற்கிறதே என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். டாக்சி ஒரு சிக்னலில் நின்றது. எதிரே சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

பிளக்கை அணைத்தாயிற்று. இனி யார் போடுவது? கரண்ட் போய் வந்தால்... கரண்ட் போய் வந்தால் அதுவாகவே விழித்துக்கொள்ளுமே!

"தம்பி, கீழ ஓடுங்க. படிக்குக் கீழ கரண்ட் பெட்டி இருக்கில்ல, அதுல எங்க வீட்டு மெயினை அணைங்க."

"அய்யோ, அதுல நான் கை வெச்சதே இல்லக்கா. ஷாக் அடிச்சா? இருக்கறது ரெண்டு மெயின், எது உங்களுது?"

"சிவப்பு பெயின்ட்ல ஒரு பொட்டு இருக்கும் பாருங்க, அதுதான்." வாரத்துக்கு நாலு தடவை மீட்டர் பார்க்கப் போகிறவள், மாற்றி சலூன் மீட்டரைப் பார்த்துவிட்டு வந்து வீட்டில் சண்டை போடக் கூடாது என்று அண்ணன் என்றைக்கோ வைத்த பொட்டு அது. "அது ஒண்ணும் பண்ணாது தம்பி. அணைச்சிட்டுக் கொஞ்சம் நின்னு திரும்பப் போடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"அதெல்லாம் சொல்லாதீங்கக்கா... அணைச்சிட்டேன். டிவி நின்னுடுச்சு."

"இப்பப் போடுங்க."

டக் என்று ஒரு சத்தம். "போட்டுட்டேன்."

"மேல போங்க. பீப் கேக்குதா?"

மறுபடியும் படிகள். மூச்சு வாங்கியது சலூன்காரருக்கு. "கேக்கல."

"அண்ணன் சத்தம்?"

"இல்லக்கா. ஒண்ணுமே கேக்கல. உள்ள அமைதியா இருக்கு."

அமைதியாக இருக்கிறது என்று அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது அப்படிக் கேட்கவில்லை. "தட்டிக்கிட்டே இருங்க, பக்கத்துல யாரையாவது கூப்பிட்டுக் கதவைப் பேத்தெடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனைத் துண்டித்தாள். திரையில் நாலு வரிகளும் சாம்பலாகவே கிடந்தன. பெட்டி விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும் என்று தெரியும். தெரிந்து என்ன? விரலால் திரையைக் கீழே இழுத்து இழுத்து விட்டாள். டாக்சிக்காரர் கண்ணாடியில் இவளைப் பார்த்துவிட்டு வண்டியை விரட்டினார்.

முதலில் ஃபிரிட்ஜ் உயிர்பெற்றது. அப்புறம் வாஷிங் மெஷின். அப்புறம் 'டி.வி.' என்ற வரி கறுத்தது. முந்நூற்றுப் பத்து. மெஷின் ஓடுகிறது!

ஒரு நொடி தெய்வமே என்று கண்ணை மூடினாள். மறு நொடியே திறந்துவிட்டாள். மெஷின் ஓடுகிறது, சரி. மூச்சு ஓடுகிறதா? நாற்காலியில் இருப்பது ஆளாக இருந்தாலும் வெறும் உடம்பாக இருந்தாலும் அந்த மெஷின் முந்நூற்றுப் பத்துதான் இழுக்கும். இத்தனை நாளாக இந்த எண்ணைப் பார்த்து, அண்ணன் மூச்சு விடுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, அது எத்தனை பெரிய முட்டாள்தனம்! எண் சொன்னது மெஷினைப் பற்றி. அண்ணனைப் பற்றி அது ஒரு நாளும் ஒன்றும் சொன்னதில்லை. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். இதற்கு முன்னால் அவள் பயந்ததெல்லாம் பயமே இல்லை.

கடைசி வரியும் வந்தது. 'மெஷின்', ஒரு வாட். அங்கே டி.வி. கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருக்கிறது. ஒரு வாட். அவள் அதையே பார்த்தாள். பார்வையை எடுத்தால் அவர் போய்விடுவார் என்பதுபோலப் பார்த்தாள். ஒரு வாட். வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. ஒரு வாட்.

எழுபது.

அவளுக்கு முதலில் புரியவில்லை. அறுபத்தெட்டு என்று ஆடியது, மறுபடி எழுபது என்று நின்றது. டி.வி. தானாக விழித்துக்கொள்ளாது. ரிமோட்டை எடுத்து, ஒரு கை அழுத்த வேண்டும். அந்த வீட்டில் இருப்பது இரண்டு கைகள்தான், இரண்டும் அண்ணனுடையவை.

அவள் ஓவென்று அழுதாள். டாக்சிக்காரர் பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டப் பார்த்தார்.

"என்னம்மா, என்ன ஆச்சு? யாருக்கு என்ன?"

"எங்கண்ணன்..." போனை அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "எங்கண்ணன் டிவி பாக்கறாருங்க!"

அவள் படியேறியபோது கதவு திறந்திருந்தது, அண்ணனே எழுந்து தாழை விலக்கியிருந்தார். சலூன்காரர் கையில் ஷேவிங் பிரஷ்ஷோடு சுவரில் சாய்ந்திருந்தார். பாதி முகத்தில் நுரையோடு அவருடைய வாடிக்கையாளரும் கூடத்தில் நின்றுகொண்டிருந்தார். கதவை இடிக்க வந்தவராம். அண்ணன் நாற்காலியில் இருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது, கண் இன்னும் தெளியவில்லை, மூக்கில் குழாய் இருந்தது. டி.வி. கத்திக்கொண்டிருந்தது.

"தூங்கிட்டேன் போலருக்கு. சத்தம் நின்னதும் முழிப்பு வந்துச்சு. தலையெல்லாம் கிர்ருங்குது" என்றவர், இவளுடைய முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, "அணைக்க மாட்டேன்னு நீ சத்தியம் பண்ணின பிளக் அது ஒண்ணுதானே. அதான் ஒரே தடவையா தரையில உக்காந்து மாத்தினேன்" என்றார் சின்னப் பையன் மாதிரி.

அறைந்துவிடலாம் என்றுதான் அவள் கையை ஓங்கினாள். ஓங்கிய கை அவர் தலையில் போய் உட்கார்ந்துகொண்டு, எடுக்க வரவில்லை. நுரை முகத்துக்காரர் மெதுவாகப் படியிறங்கிப் போனார்.

அன்றைக்கே மெஷினை நேராகச் சுவரில் சொருகினாள். இரும்புத் தாழைக் கழற்றிவிட்டு சலூன்காரரிடம் ஒரு சாவி கொடுத்தாள். மற்ற பிளக்குகளையும் பிடுங்கி டப்பாவில் போட்டுவிட்டாள், ஒன்றைத் தவிர. டி.வி.யில் மட்டும் அது இன்னும் இருக்கிறது. லாண்டரியில் ஆளில்லாத அறையில் விளக்கு எரிந்தால் மீட்டரக்கா இப்போதெல்லாம் ஸ்விட்ச் வரைக்கும் போகிறாள், விரலை வைக்கிறாள், அணைக்கப் பயந்து திரும்பி வந்துவிடுகிறாள். யாராவது கேலி செய்தால் திரும்பிக்கொண்டு மடிக்கிறாள்.

ஒவ்வொரு சுமை முடிந்ததும் போனை எடுத்துப் பார்க்கிறாள். எழுபது வாட் இருந்தால் சரி. இல்லையென்றால் அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போடுகிறாள். மணி அடிக்க அடிக்க அடுத்த சுமை உருளையிலிருந்து வந்து மடிபடாமல் குவிவதை எல்லோரும் பார்க்கிறார்கள். அவர் எடுத்து ஹலோ சொன்ன பிறகுதான் திட்டு ஆரம்பமாகும்.

"ஏண்ணா டிவி பாக்கல? போடுங்க முதல்ல! சத்தமா வெச்சுப் பாருங்க!"